ஆறிய குழாய் புகையும்

அந்தத் தெருவில் தையல்காரர் வீடு எது என்று கேட்டால் துணிக்கடையைக் காட்ட மாட்டார்கள், வெல்டிங் பட்டறையைத்தான் காட்டுவார்கள். ஒருமுறை வெளியூர்க்காரர் ஒருவர் கிழிந்த கால்சட்டையோடு வந்து நின்று, உள்ளே தீப்பொறி பறப்பதைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பி நடந்த கதையைத் தெரு இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. அவர் போடும் வெல்டுதான் அந்தப் பெயருக்குக் காரணம். இரண்டு குழாய் சேரும் இடத்தில் பெரிய ஊசியால் தைத்த மாதிரி ஒரே அளவில் வரிவரியாக ஓடும். பார்க்கிறவர்கள் விரலால் ஒரு தடவை தடவிப் பார்க்காமல் போக மாட்டார்கள். தடவட்டும் என்று அவரும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார். அந்தச் சபலம் அவருக்கு உண்டு, மறைத்துப் பிரயோசனமில்லை.

பட்டறையில் சரிபாதி அவர் மனைவி. குழாயை வெட்டுவது, வாயோடு வாய் பொருத்துவது, அளவு பார்ப்பது எல்லாம் அவள் வேலை. சீட்டுக்கட்டு மாதிரி விரியும் மெல்லிய இரும்புத் தகடுகளின் கொத்து ஒன்று எப்போதும் அவள் மேல்சட்டைப் பையில் கிடக்கும். ஃபீலர் கேஜ் என்பார்கள். இரண்டு இரும்புக்கு நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அந்தத் தகட்டை நுழைத்துத்தான் பார்க்க வேண்டும். தெருவில் அவளுக்குக் கேஜக்கா என்று பெயர். கூடப்பிறந்த தம்பியே கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவான்.

அந்தத் தம்பிக்கும் ஒரு பெயர் உண்டு. அவசரம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே பிறந்துவிட்டவன் என்பதால் அவனுடைய அப்பாவே வைத்த பெயர். அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவர். மகனோ லாரி ஓட்டக் கற்றுக்கொண்ட புதிதில் எதிர்க்கடை லேத்துக்காரரின் கேட்டை அடியோடு பெயர்த்தவன். அதற்குப் பிறகு பல வருடம் ஒழுங்காகத்தான் ஓட்டினான். ஆனால் கேட்டை யாரும் மறக்கவில்லை. அப்பாவும் மகனும் அதே வீட்டின் மாடியில் இருந்தார்கள். கீழே தையல்காரரும் மனைவியும், முன்பக்கம் பட்டறை. அப்பாவின் சின்ன லாரியில் குவாரியிலிருந்து கல் ஏற்றி வருவது அவசரத்தின் பிழைப்பு.

லாரி பழசு. குவாரி மேட்டில் லோடோடு ஏறும்போது முக்கி முனகும். எங்கோ விபத்தில் நொறுங்கிய ஒரு வண்டியின் டர்போவை அவசரம் வாங்கி வந்தான். இன்ஜின் தள்ளும் புகையின் வேகத்திலேயே சுற்றி, இன்ஜினுக்குக் கூடுதல் காற்றை ஊட்டும் சமாச்சாரம் அது. வாங்கியாயிற்று, பொருத்துவது எப்படி? இன்ஜினிலிருந்து டர்போவுக்குப் போகும் குழாய் எந்தக் கடையிலும் கிடையாது. புதிதாகச் செய்ய வேண்டும்.

“மச்சான், நீங்க இருக்கும்போது எனக்கு என்ன கவலை?” என்று டர்போவைப் பட்டறை மேசையில் வைத்தான்.

“வைக்கும்போதே மேசை ஆடுது பாரு. மெதுவா வைடா.”

“மெதுவாத்தான் வச்சேன். உங்க மேசைக்கு வயசாயிடுச்சு.”

தையல்காரரும் மனைவியும் அந்தக் குழாயில் ரொம்ப நாள் மெனக்கெட்டார்கள். விஷயம் அழகில் இல்லை, சூட்டில் இருந்தது. மேட்டில் லோடு இழுக்கும்போது அந்தக் குழாய் பழுக்கச் சிவக்கும். சிவந்தால் நீளும். ஒரு முனை இன்ஜினில் முடுக்கியிருக்கிறது, மறுமுனை டர்போவில். இரண்டும் அசையாது. நடுவில் மாட்டிக்கொண்ட குழாய் எங்கே போய் நீளும்? அதனால்தான் அதை நடுவில் வெட்டி, ஒன்றின் வாய்க்குள் மற்றது நுழைகிற மாதிரி செய்து, நழுவ இடம் விட்டு வைப்பார்கள். பட்டறையில் அதற்குச் சிலிப் என்று பேர். அந்த இடத்தில் வெல்டு கிடையாது.

“எவ்வளவு விட்டிருக்க?” என்று கேட்டார்.

“தாராளமா விட்டிருக்கேன். சுத்தி வர தகடு ஒரே மாதிரி போகுது, பாருங்க.” அவள் தகட்டை நுழைத்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

“ஆறியிருக்கும்போது புகையுமே.”

“புகையத்தான் செய்யும். சூடேறினா உள்குழாய் விரிஞ்சு அடைச்சிக்கும். உங்களுக்கு நான் சொல்லணுமா?”

சொல்ல வேண்டாம்தான். அவருக்கே தெரியும். தெரிந்திருந்தும் பிற்பாடு அப்படிச் செய்தார் என்பதுதான் இந்தக் கதையில் ஜீரணிக்க முடியாத இடம்.

குழாயை மாட்டிய அன்று காலை நல்ல குளிர். மாமனார் மாடியிலிருந்து ஸ்வெட்டரோடு இறங்கி வந்தார். லேத்துக்காரர் டீக் கிளாசோடு தெருவைக் கடந்து வந்தார். அவசரம் சீட்டில் ஏறிச் சாவியைத் திருப்பினான். இன்ஜின் உறுமியது. உறுமிய வேகத்தில் சிலிப்பைச் சுற்றிலும் கருப்பாகப் புகை பொங்கிக்கொண்டு வந்தது.

“என்ன மாப்பிள்ளை, தையல் பிரிஞ்சிருச்சா?” என்றார் மாமனார்.

“நூல் தீந்துபோயிருக்கும்!” என்றார் லேத்துக்காரர்.

சிரிப்பென்றால் சிரிப்பு. லேத்துக்காரர் டீயைக் கீழே சிந்தினார். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது சீட்டில் இருந்த அவசரம்தான்.

“அப்பா, சூடேறினா நின்னுடும். கொஞ்சம் பொறுங்க” என்றாள் கேஜக்கா.

“இத்தனை வருஷம் வண்டி ஓட்டியிருக்கேன், போட்ட அன்னைக்கே புகையிற பைப்ப இப்பத்தான்மா பாக்குறேன். டேய், ஆஃப் பண்ணு. தெருவே கரியாவுது.”

அவன் அணைத்துவிட்டான். சூடேறிப் புகை நிற்பதை யாரும் பார்க்கவில்லை. பார்த்த வரைக்கும் தையல்காரர் போட்ட குழாய் ஓட்டை, அவ்வளவுதான். அவருக்குக் காதெல்லாம் சுட்டது. விளையாட்டுக்குச் சிரித்தார்கள் என்று புத்திக்குத் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. மாமனார் வாயால் இதுவரை பாராட்டு மட்டுமே கேட்ட மருமகன் அவர். மகனைத் திட்டும்போதெல்லாம் “மாப்பிள்ளைகிட்ட கத்துக்கடா” என்பார் மனிதர். அந்த வாய் இன்று சிரித்துவிட்டது.

மனைவி எல்லாருக்கும் ரொட்டி வாட்ட உள்ளே போனாள். தையல்காரர் குழாயைக் கழற்றினார், பட்டறைக் கதவைப் பாதி சாத்தினார். வெல்டிங் டார்ச்சைப் பற்றவைத்துச் சிலிப்பைச் சுற்றி ஒரு சுற்று ஓட்டினார். அவர் வாழ்நாளில் போட்ட வெல்டுகளிலேயே அதுதான் அழகானதாக வந்தது என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். ஆறியதும் கண்ணாடி இழை நாடாவைக் குழாய் முழுக்கச் சுற்றி மூடினார்.

மறுபடி மாட்டிச் சாவியைத் திருப்பினார்கள். ஒரு பொட்டுப் புகை இல்லை. மாமனார் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

“அப்படிப் போடுங்க! மாப்பிள்ளையா கொக்கா?”

மனைவி ரொட்டித் தட்டோடு வந்து நின்றாள்.

“என்ன பண்ணீங்க?”

“கொஞ்சம் சரிபண்ணேன்.”

“நாடா எதுக்குச் சுத்தினீங்க? உங்க வெல்ட நீங்களே மூடி நான் பாத்ததே இல்லையே.”

“சூடு வெளிய அடிக்கும்ல. பக்கத்துல வயர் போகுது.”

நியாயமான பதில்தான். புகை நின்றதும் சூடேறியதால்தான் என்று எடுத்துக்கொண்டு அவள் வேறு வேலையைப் பார்க்கப் போனாள்.

கொஞ்ச காலம் ஒன்றும் ஆகவில்லை. லாரி மேட்டில் குதிரையாக ஏறுகிறது என்று அவசரம் சாப்பாட்டு நேரமெல்லாம் அதே பேச்சாக இருந்தான். தையல்காரர் மட்டும் சாயங்காலம் லாரிச் சத்தம் தெருமுனையில் கேட்கும்வரை வேலையில் மனம் ஒட்டாமல் இருந்தார். கேட்டதும் மூச்சு வரும். நாளைக்குக் கழற்றி அறுத்துச் சரிபண்ணிவிட வேண்டும் என்று நினைப்பார். நாளைக்கு மாமனார் வாசலில் உட்கார்ந்திருப்பார். அவர் எதிரில் எதற்குக் கழற்றுகிறேன் என்று சொல்வது? இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று விட்டுவிடுவார்.

ஒரு மழை நாளில் லாரி வரவில்லை. குவாரி மேட்டில் முழு லோடோடு ஏறும்போது, நீள இடமில்லாத குழாய் டர்போவின் கழுத்தை நெட்டித் தள்ளி, வார்ப்பிரும்பு பிளந்துவிட்டது. பிளந்த வழியாக நெருப்பாகச் சீறிய காற்று வயரைப் பற்றவைத்தது. அவசரம் வண்டியை நிறுத்திக் கல்லை முட்டுக்கொடுத்து, பானெட்டைத் திறந்து ஈர மண்ணை வாரி வாரிப் போட்டு அணைத்திருக்கிறான். லாரி தப்பியது. அவன் வலது கை முழங்கை வரை வெந்துபோனது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமனார் மருமகன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏன் மாப்பிள்ளை இப்படி ஆச்சு? பைப்புல ஏதும் கோளாறா?”

அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

“பைப்பு நல்லாத்தான் இருந்துச்சு மாமா. ஏத்தத்துல ஆக்சிலேட்டரப் போட்டு மிதிச்சிருப்பான்.”

சொன்ன மறுகணமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது அவருக்கு. ஆனால் பெரியவர் ஏற்கெனவே தலையை ஆட்டத் தொடங்கிவிட்டார். கேட்டைப் பெயர்த்தவன்தானே? அவருக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

அவசரம் வீட்டுக்கு வந்த அன்று அக்கா அவனுக்குக் கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள். தையல்காரர் எதிரே உட்கார்ந்து முட்டையைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மாமனார் லாரிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நின்றார்.

“இனிமே இந்தச் சாவி உனக்குக் கிடையாது. வேற டிரைவர் பாக்கச் சொல்லிட்டேன்.”

“நான் மிதிக்கலப்பா. ரெண்டாவது கியர்ல மெதுவாத்தான் ஏறினேன்.”

“பொய் சொல்லாதடா. மாப்பிள்ளையே சொல்லிட்டாரு.”

அவசரம் கஞ்சியை விழுங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

“நீங்களா மச்சான் சொன்னீங்க?”

“இருக்கலாம்னு... இருக்கலாம்னுதான் சொன்னேன்” என்றார் தையல்காரர். முட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவன் சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தார். போட்டிருந்தால் தேவலை. அவன் கட்டுப்போட்ட கையைத் தூக்கித் தொடைமேல் வைத்துக்கொண்டான்.

“ஒருவேளை மிதிச்சுத்தான் இருப்பேனோ என்னமோ. மச்சான் சும்மா சொல்ல மாட்டாரு. எனக்குத்தான் ஞாபகம் இல்ல.”

“வாய மூடிட்டுக் கஞ்சியக் குடி” என்றாள் அக்கா. அவள் கண் கலங்கியிருந்தது. தையல்காரர் எழுந்து பின்கட்டுக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றார். தண்ணீர் பாட்டுக்குக் கையில் விழுந்துகொண்டிருந்தது. தப்பே செய்யாத பிள்ளை, மச்சான் சொன்னார் என்பதற்காகத் தன் காலையே சந்தேகப்படுகிறான். தான் என்ன மனிதன் என்று அவருக்கு அருவருப்பாக இருந்தது.

சில நாள் கழித்து லாரியை இழுத்து வந்து பட்டறை வாசலில் விட்டார்கள். மாமனாரும் லேத்துக்காரரும் சேர்ந்து குழாயைக் கழற்றி மேசைமேல் போட்டார்கள். அவசரம் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கருகிய நாடாவை மாமனார் உரித்தார். உரித்த இடத்தில் அந்த வெல்டு தெரிந்தது, புகைபடிந்தும் ஒரு வரி கூடக் கலையாமல்.

“பாருங்கய்யா!” பெரியவர் கூவினார். “டர்போ பிளந்துபோச்சு. வயர் சாம்பலாயிருக்கு. மாப்பிள்ளை வெல்டு அப்படியே நிக்குது பாருங்க!”

லேத்துக்காரர் குனிந்து விரலால் தடவினார். “அடடா. இதுக்குத்தான் தையல்காரர்னு பேரு வச்சோம். வேலைன்னா இது வேலை.”

“டேய், நல்லாப் பாத்துக்கடா. இப்படி ஒரு பைப்பக் கையில குடுத்தும் ஓட்டத் தெரியாம வந்து நிக்கிற.”

அவசரம் தலையைக் குனிந்துகொண்டான். தையல்காரர் அவனைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார். கம்பி பிரஷ்ஷோடு வந்தவள் மேசையருகில் அப்படியே நின்றுவிட்டிருந்தாள். அவள் இடம் விட்டுச் சுற்றி வரத் தகடு நுழைத்துப் பார்த்த சிலிப் அது. அதன்மேல் இப்போது வெல்டு ஓடுகிறது. அவள் கை தானாகப் பையிலிருந்து கேஜை எடுத்தது. பிறகு அப்பாவை ஒரு தரம், லேத்துக்காரரை ஒரு தரம் பார்த்துவிட்டு, கேஜைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டாள். தம்பிக்காகப் பேசினால் புருஷன் மானம் போகும். புருஷனுக்காக அவள் வாயை மூடிக்கொண்டதைப் பார்த்ததும் தையல்காரரால் அதற்குமேல் நிற்க முடியவில்லை.

“மாமா, அவன் மிதிக்கல.”

“என்ன மாப்பிள்ளை?”

“தப்பு என்னோடது. அந்த இடத்துல வெல்டே வரக்கூடாது. நழுவ விட்டிருந்த இடம். நான்தான் அடைச்சேன். அதான் டர்போவப் பிளந்துடுச்சு.”

பெரியவர் அவரையே பார்த்தார். பிறகு அவர் முகம் இளகியது. தோளில் கைவைத்தார்.

“பெரிய மனசு மாப்பிள்ளை உங்களுக்கு. மச்சினன் திட்டு வாங்குறத உங்களால பாக்க முடியல. அதுக்காகத் தன் வேலையையே தப்புன்னு சொல்ற மனுஷன எங்கயாவது பாத்திருக்கீங்களா?” என்று லேத்துக்காரரிடம் கேட்டார். லேத்துக்காரரும் உச்சுக்கொட்டினார்.

பாராட்டு! உண்மையைச் சொன்னதற்கும் பாராட்டு. தையல்காரருக்கு உடம்பெல்லாம் கூசியது. இப்படியே விட்டுவிட்டாலும் நடக்கும், சொன்னதாகவும் ஆகும், கெட்ட பேரும் வராது. அந்த எண்ணம் ஒரு நொடி வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

“கேஜ எடு” என்றார் மனைவியிடம்.

“வேணாங்க.”

“எடு. அவங்களுக்குக் காட்டு.”

அவள் எடுத்தாள். இருப்பதிலேயே மெல்லிய தகட்டை விரித்து, உள்குழாயும் வெளிக்குழாயும் சேரும் இடத்தில் வைத்து அழுத்தினாள். நுழையவில்லை. குழாயைத் திருப்பித் திருப்பி நாலாபக்கமும் அழுத்தினாள். தகடு வளைந்ததே தவிர எங்கும் போகவில்லை.

“அப்பா, இங்கதான் நான் இடம் விட்டிருந்தேன். அன்னைக்குப் புகைஞ்சது இந்த இடம்தான். நீங்க சிரிச்சீங்கல்ல, அது.” அவள் கேஜை மடித்தாள். “இவர் சொல்றது நெசம்.”

லேத்துக்காரருக்குத்தான் முதலில் விளங்கியது. அவர் இரும்போடு பிழைக்கிறவர். தடவிய விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, “கடையில ஆள் நிக்குது” என்று தெருவைக் கடந்து போய்விட்டார். கடையில் யாரும் நிற்கவில்லை.

“நான் சும்மா விளையாட்டுக்குத்தானே சொன்னேன்” என்றார் மாமனார்.

“நீங்க விளையாட்டுக்குத்தான் சிரிச்சீங்க மாமா. டார்ச்ச எடுத்தது நான். ஆஸ்பத்திரியில அப்படிச் சொன்னதும் நான்தான்.”

பெரியவர் சட்டைப்பையைத் தடவி, சாவியை எடுத்து, படியில் உட்கார்ந்திருந்த மகனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மாடி ஏறினார். கையில் கொடுக்கவில்லை, முகத்தைப் பார்க்கவும் இல்லை. அவசரம் சாவியை இடது கையால் எடுத்தான். மச்சானை ஒரு பார்வை பார்த்தான். நன்றாகத் தெரிந்த ஆளைக் கூட்டத்தில் அடையாளம் தெரியாமல் பார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. அவனும் எழுந்து போனான்.

சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டே மனைவி பேசினாள். திரும்பாமலே பேசினாள்.

“அடைச்சது கூடப் பரவாயில்லைங்க. அன்னைக்கு உங்களுக்கு முகம் செத்துப்போச்சு, நானும்தான் பாத்தேன். ரொட்டி வாட்டாம உங்க பக்கத்துல நின்னிருக்கலாம்னு இப்ப தோணுது. ஆனா அவன் கை வெந்து உள்ள கத்திக்கிட்டுக் கிடக்கான், வெளிய நின்னு அவன் மேலயே பழியப் போட்டீங்களே. எப்படிங்க மனசு வந்துச்சு?”

“தெரியல.”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“வெக்கமா இருந்துச்சு.”

“இப்ப?”

“இப்பவும்தான்.”

அவள் தண்ணீரை நிறுத்தினாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. கழுவிய தட்டுகளை அவர் வாங்கித் துடைத்து அடுக்கினார்.

வேறு டர்போ வந்தது, புதுக் குழாயும் செய்தார்கள். அவசரத்தின் கையில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக வந்து, கட்டும் அவிழ்த்தாயிற்று. சிலிப்பில் அவள் இடம் விட்டாள், அவர் டார்ச்சைப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகவில்லை. நாடாவும் சுற்றவில்லை. மாட்டிய அன்று காலையும் குளிர்தான். சாவியைத் திருப்பியதும் பழையபடி கருப்பாகப் புகை வந்தது. மாமனார் மாடிப்படியில் நின்றார். லேத்துக்காரர் வாயைத் திறந்து, திறந்த வாயை மூடிக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. தையல்காரர் புகைக்கு நடுவே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கண் எரிந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் புகை மெலிந்து, நூலாகி, நின்றுவிட்டது.

“நின்னுடுச்சு” என்றார் மாமனார், யாருக்கோ சொல்வதுபோல.

மறுநாள் காலை முதல் லோடுக்குக் கிளம்பும்முன் அவசரம் பட்டறைக்குள் வந்தான்.

“அக்கா, அந்தக் கேஜக் கொஞ்சம் குடு.”

வாங்கிக்கொண்டு போய் பானெட்டைத் திறந்தான். எந்தத் தகடு என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டு, சிலிப்பில் நுழைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தான். அடுத்த நாளும் வந்தான். அதற்கடுத்த நாளும்.

ஒருநாள் தையல்காரர் டீக் கிளாசை வைத்துவிட்டு வெளியே வந்தார்.

“இப்பத்தான்டா பாத்தேன். இடம் சரியா இருக்கு.”

அவசரம் பானெட்டுக்குள்ளிருந்து நிமிர்ந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. எப்போதும்போல மரியாதையாகத்தான் சொன்னான்.

“இருக்கட்டும் மச்சான். நானும் ஒரு தடவ பாத்துக்கிறேன்.”

குனிந்து தகட்டை நுழைத்தான். தையல்காரர் அங்கேயே நின்று, அது ஒரு சுற்று முழுக்கச் சுற்றி வரும்வரை பார்த்தார். பிறகு உள்ளே போனார், டீ ஆறிப்போயிருந்தது. அந்த வாரமே கேஜக்கா தனக்கு வேறொரு கேஜ் வாங்கிக்கொண்டாள். பழையது இப்போது லாரியில் இருக்கிறது.